பஹ்ரைன் கார்ப் பந்தயமும் "அரசியல் வேண்டாம்" பேர்வழிகளும்

"விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்!"

பஹ்ரைன் அரண்மனையும், ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய முதலாளிகளும், அவர்களுடைய விளம்பரத்தில் வயிறு வளர்க்கும் பத்திரிகைகளும் ஒரே சுருதியில் பாடுகிற பல்லவி இது. 2012-ல் பாடினார்கள். அதற்குப் பிறகு யார் எந்தக் கேள்வி கேட்டாலும் இதே பல்லவிதான், சரணம் கிடையாது.

நமது யூனியன் ஆபீசுக்கு வந்துபோகிற ஒரு இளம் தோழர், மோட்டார் ஒர்க் ஷாப்பில் வேலை செய்பவர், இதையே என்னிடம் கேட்டார். "ஏன் தோழர், பாலைவனத்திலே இருபது பேர் கார் ஓட்டுகிறான். அதிலே என்ன அரசியல் இருக்கிறது? எதைப் பார்த்தாலும் ஏகாதிபத்தியம் என்றால் எப்படி?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ராத்திரி கண் விழித்து அந்தப் பந்தயத்தைச் செல்போனில் பார்க்கிறவர் அவர். நாலு சக்கரத்தையும் இரண்டு மூன்று வினாடிக்குள் கழற்றி மாட்டும் மெக்கானிக்குகளின் கைவேகத்தை அவர் சொல்லக் கேட்டால் நமக்கும் பார்க்கத்தான் தோன்றும். தொழில் தெரிந்தவன் இன்னொருவன் தொழிலை மெச்சுகிறான். அதில் தப்பில்லை. எனக்கும் அந்தக் காரின்மேல் கோபம் கிடையாது.

அவருக்கு டீக்கடையில் நின்று சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். அவரைப்போல் நினைக்கிற நல்ல தோழர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பந்தல் போட்டது யார்?

ஊரில் ஒரு கூத்து நடந்தால்கூட, பந்தல் போட்டது யார், செலவு யாருடையது என்று கேட்கிறோம். பஹ்ரைன் கூத்துக்கும் அதையே கேட்போம்.

மனாமா நகரத்துக்குத் தெற்கே ஸாகிர் என்ற பாலைவனத்தில் அந்த ஓட்டப் பாதை இருக்கிறது. ஒரு சுற்று 5.412 கிலோ மீட்டர். 57 சுற்று ஓடினால் 308 கிலோ மீட்டர், பந்தயம் முடிந்தது. திட்டம் போட்டவர் ஹெர்மன் டில்கே என்ற ஜெர்மானியர். செலவு சுமார் 15 கோடி டாலர். 2004 ஏப்ரல் 4-ம் தேதி முதல் பந்தயம் நடந்தது. மத்தியக் கிழக்கில் நடந்த முதல் ஃபார்முலா ஒன் பந்தயமும் அதுதான்.

பாதைக்குப் போட்ட கல்லைக் கேளுங்கள். அது பஹ்ரைன் கல் அல்ல, பக்கத்து நாட்டுக் கல்லும் அல்ல. இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் ஜில்லாவிலுள்ள ஒரு குவாரியிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த கல். பாலைவனத்து மணல் பறந்து பாதையில் விழாமலிருக்க, சுற்றிலும் மணல்மேல் பசை தெளித்தார்கள். சொந்த நாட்டு மண்ணே பறக்காதபடி பசை போட்டு ஒட்டுகிற ராஜ்யத்தில், சொந்த நாட்டு மக்களை என்ன செய்வார்கள் என்பதைப் பின்னால் பார்ப்போம். பரிசு மேடையில் ஷாம்பெயினுக்குப் பதிலாகப் பன்னீர் கலந்த பானத்தைப் பீய்ச்சுகிறார்கள். ஆசாரம் காப்பாற்றப்பட்டது. சிறையில் ஆட்களை அடித்துக் கொல்வதற்கு மட்டும் எந்த ஆசாரமும் குறுக்கே நிற்கவில்லை.

இந்தப் பந்தயத்தைக் கொண்டுவந்தவர் பட்டத்து இளவரசர் சல்மான். 2020 நவம்பரிலிருந்து அவரே பிரதம மந்திரியும் ஆனார். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அவருடைய சின்னத் தாத்தா. 1971 முதல் 2020-ல் சாகும்வரை, ஏறத்தாழ ஐம்பது வருஷம், தேர்தல் என்ற தொல்லையில்லாமல் பிரதம மந்திரியாக இருந்தவர். பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த கல்ஃப் ஏர், சர்க்கார் விமானக் கம்பெனி. மக்லாரன் என்ற பிரபலமான பந்தய அணியில் 2007-ல் 30 சதவீதப் பங்கு வாங்கியது மும்தலகாத் என்ற பஹ்ரைன் சர்க்கார் நிதி. ஆக, பாதை அவர்களுடையது, விளம்பரம் அவர்களுடையது, ஓடுகிற காரிலும் அவர்கள் பங்கு இருக்கிறது. இதெல்லாம் அரசியல் இல்லையாம். சிறையில் கிடந்த உபாத்தியாயரின் பெயரை நாம் சொன்னால் அதுதான் அரசியலாம்!

எண்ணெய், கப்பற்படை, சிம்மாசனம்

வளைகுடாவின் அரபுக் கரையில் முதன்முதல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது பஹ்ரைனில்தான். 1932-ல் ஜெபல் துகான் குன்றடியில். எண்ணெய் எடுத்த பாப்கோ கம்பெனியின் எஜமானர்கள் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் கோஷ்டி. காவல் பிரிட்டனுடையது. 1926 முதல் 1957 வரை "ஆலோசகர்" என்ற பெயரில் சார்லஸ் பெல்கிரேவ் என்ற வெள்ளைக்காரர் உட்கார்ந்து ராஜ்யத்தை நடத்தினார். நமது சமஸ்தானங்களில் ரெசிடென்ட் துரைகள் நடத்திய அதே தர்பார்.

மக்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. 1953-ல் ஷியா, சுன்னி என்று மோதவிட்டுப் பார்த்தார்கள். மறு வருஷமே இரு தரப்பாரும் ஒன்றாகச் சேர்ந்து கமிட்டி அமைத்து, சட்டசபை வேண்டும், தொழிற்சங்கம் வேண்டும் என்று கேட்டார்கள். 1956-ல் அதன் தலைவர்கள் மூன்று பேரை, நெப்போலியனை அடைத்து வைத்த அதே செயின்ட் ஹெலினா தீவுக்குப் பிரிட்டிஷ் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். 1955-லேயே அங்கே கம்யூனிஸ்டுகள் தேசிய விடுதலை முன்னணியைத் தலைமறைவாகக் கட்டினார்கள். 1965 மார்ச்சில் பாப்கோ கம்பெனி நூற்றுக்கணக்கான தொழிலாளிகளை ஆட்குறைப்பு செய்தது, நாடே கொதித்தெழுந்தது. அதை அடக்கிய பிறகு, கென்யாவில் மாவ் மாவ் போராளிகளை வேட்டையாடிய இயான் ஹெண்டர்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரியை 1966-ல் கொண்டுவந்து ரகசியப் போலீசுக்குத் தலைவராக்கினார்கள். 1971-ல் "சுதந்திரம்" வந்தது. ஹெண்டர்சன் போகவில்லை, 1998 வரை இருந்தார். 1973-ல் ஒரு பார்லிமெண்டு வந்தது; அது வாய் திறந்ததும் 1975-ல் கலைக்கப்பட்டது.

பிரிட்டிஷ் கப்பற்படை இருந்த ஜுஃபைரில் பிறகு அமெரிக்கக் கப்பற்படை குடியேறியது. 1995-லிருந்து அமெரிக்காவின் ஐந்தாவது கப்பற்படைக்கு அதுவே தலைமையகமாயிற்று. 2018-ல் பிரிட்டிஷ்காரர்களும் ஒரு தளத்தைத் திறந்துகொண்டு திரும்பி வந்தார்கள். பஹ்ரைன் மன்னர்மீது வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் இருக்கும் கரிசனத்தின் ரகசியம் இதுதான்.

1965-ஐப் பற்றி நான் சொன்னபோது இளம் தோழர் இடைமறித்து, "இதெல்லாம் பழைய கதை தோழர், பந்தயத்துக்கு வாங்க" என்றார். சரி, வருவோம்.

2011 மார்ச் 13-ம் 14-ம்

2011-ம் வருஷத்து ஃபார்முலா ஒன் பந்தயங்களில் முதலாவது, மார்ச் 13-ம் தேதி ஸாகிரில் நடப்பதாக இருந்தது.

பிப்ரவரி 14-ம் தேதி மக்கள் வீதிக்கு வந்தார்கள். மனாமாவில் முத்துச் சதுக்கம் என்று ஒரு இடம். ஆறு வளைவுகள் சேர்ந்து ஒரு முத்தைத் தாங்குவதுபோல் நடுவில் ஒரு சின்னம். அதன் அடியில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். பிப்ரவரி 17 விடியுமுன், தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் போலீஸ் பாய்ந்தது. நான்கு பேர் செத்தார்கள். இரண்டு நாளில் ஜனங்கள் சதுக்கத்தைத் திரும்பப் பிடித்தார்கள். பிப்ரவரி 21-ல் இளவரசர் பந்தயத்தைக் கைவிட்டார். தொழிற்சங்க சம்மேளனம் மார்ச் 13-ல் பொது வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. உபாத்தியாயர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள், எண்ணெய்த் தொழிலாளிகள், அலுமினியத் தொழிலாளிகள் என்று வேலைநிறுத்தம் பரவியது.

கார் ஓட வேண்டிய நாள் மார்ச் 13. மறுநாள் மார்ச் 14-ல் வேறு வண்டிகள் ஓடின. சவூதி அரேபியாவையும் பஹ்ரைனையும் இணைக்கும் கடல் பாலத்தின்மேல் சவூதி ராணுவ வண்டிகள் வரிசையாக வந்தன. மார்ச் 15-ல் ராணுவச் சட்டம். மார்ச் 18-ல் முத்துச் சின்னத்தையே இடித்துத் தள்ளினார்கள். இடிக்கும்போது விழுந்த கான்கிரீட் வளைவு, கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுக் கூலித் தொழிலாளியை நசுக்கிக் கொன்றது. மன்னரின் கோபம் கல்லின்மேல். பலியானது பிழைக்க வந்த ஏழை. அந்தச் சின்னம் பொறித்த 500 ஃபில்ஸ் நாணயத்தையும் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். காசைக் கண்டும் பயந்த ராஜா!

பிறகு பழிவாங்கல் ஆரம்பித்தது. தனியார் கம்பெனிகளிலும் சர்க்காருக்குப் பங்குள்ள கம்பெனிகளிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். பாப்கோ, அலுமினியக் கம்பெனியான ஆல்பா, பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த அதே கல்ஃப் ஏர், எல்லாம் இந்தப் புண்ணிய காரியத்தில் சேர்ந்தன. யூனியன் தலைவர்களைப் பொறுக்கி எடுத்து வெளியேற்றினார்கள். உபாத்தியாயர் சங்கத் தலைவர் மஹ்தி அபு தீபுக்குப் பத்து வருஷத் தண்டனை. அப்பீலில் ஐந்து வருஷமாகி, முழுவதையும் அனுபவித்து 2016-ல் வெளியே வந்தார். அவர் செய்த குற்றம் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போட்ட டாக்டர்களும் நர்சுகளுமாக இருபது பேருக்கு ராணுவக் கோர்ட்டு 5 முதல் 15 வருஷம் வரை தீட்டியது.

இளம் தோழர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஸாகிர் ஓட்டப் பாதையின் ஆபீசுக்குள்ளேயே போலீஸ் நுழைந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் கைது செய்யப்பட்டார்கள், அடிபட்டார்கள், வேலையை இழந்தார்கள். பந்தயம் நடத்துவதற்காகச் சம்பளம் வாங்கிய ஊழியர்கள் அவர்கள். பந்தயத்துக்குள் அரசியலைக் கலந்தது யார்?

அந்த வருஷ நவம்பர் 23-ல் ஒரு விசாரணைக் கமிஷனின் அறிக்கை வந்தது. மன்னரே நியமித்த கமிஷன். எகிப்தியச் சட்ட நிபுணர் ஷெரீஃப் பசூனி தலைவர். சித்திரவதை நடந்தது, அதனால் ஐந்து பேர் காவலில் செத்தார்கள் என்று அந்தக் கமிஷனே எழுதிவைத்தது. கம்யூனிஸ்டுகள் இட்டுக்கட்டிய கதை அல்ல. மன்னரின் முன்னால் வாசிக்கப்பட்ட அறிக்கை.

இத்தனைக்கும் நடுவில் மோட்டார் பந்தயச் சம்மேளனம் என்ன செய்தது? ஜூன் 1-ல் ராணுவச் சட்டம் நீங்கியது. ஜூன் 3-ல் கூடி, அக்டோபர் 30-ல் பஹ்ரைனில் பந்தயம் என்று தீர்மானித்தது! இரண்டே நாள். சிறைச்சாலைச் சுவரில் ரத்தம் காயவில்லை. பந்தய அணிகளே முணுமுணுத்த பிறகுதான், ஜூன் 9-ல் பஹ்ரைன்காரர்கள் பின்வாங்கினார்கள்.

2012: கொண்டாட்டமும் ஒரு சடலமும்

மறு வருஷம் விடவில்லை. 2012 ஏப்ரல் 22-ம் தேதி பந்தயம். ஒன்றுபட்ட தேசத்தின் கொண்டாட்டம் என்று தெருவெங்கும் விளம்பரம். அந்த நாளில் அப்துல்ஹாதி அல் கவாஜா என்ற மனித உரிமைப் போராளி, ஆயுள் தண்டனைக் கைதி, எழுபது நாளுக்கு மேல் உண்ணாவிரதத்தில் கிடந்தார். (110-வது நாளில்தான் அது முடிந்தது.) பந்தயத்துக்கு முந்தின நாள் காலை, ஷகூரா கிராமத்தில் ஒரு கட்டிடக் கூரையின்மேல் ஒரு மனிதரின் சடலம் கிடந்தது. முந்தின ராத்திரி ஆர்ப்பாட்டத்தில் போலீஸ் துரத்தியவர்களில் ஒருவர். விளையாட்டு நிருபர்களுக்கு நாட்டுக்குள் நுழையத் தடையில்லை. செய்தி நிருபர்கள் பலருக்கு விசா இல்லை. பிரிட்டனின் சானல் 4 தொலைக்காட்சிக்காரர்கள் எப்படியோ உள்ளே வந்து கிராமங்களைப் படம் பிடித்தார்கள். பந்தயத்தன்றே அவர்களைப் பிடித்து நாடு கடத்தினார்கள். அதாவது, கார் எத்தனை மைல் வேகத்தில் போயிற்று என்று எழுதலாம். போலீஸ் வண்டி எந்தத் தெருவில் போயிற்று என்று எழுதக்கூடாது.

நமது நாட்டுப் பிரமுகர் ஒருவரும் அந்தக் கூத்தில் இருந்தார். ஃபோர்ஸ் இந்தியா என்ற அணி, சாராய முதலாளி விஜய் மல்லையாவுக்குப் பங்கு இருந்தது. பந்தய வாரத்தில் அந்த அணியின் மெக்கானிக்குகள் போன கார் தெருவில் மோதலுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. பக்கத்தில் பெட்ரோல் குண்டு வெடித்தது. இருட்டுமுன் ஓட்டலுக்குத் திரும்ப வேண்டுமென்று அணி வெள்ளிக்கிழமை இரண்டாவது பயிற்சி ஓட்டத்துக்கே வரவில்லை. மறுநாள் தகுதி ஓட்டத்தில் அந்த அணியின் கார்கள் தொலைக்காட்சித் திரையில் தென்படவேயில்லை என்று பல நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. பயந்த மெக்கானிக்குகளை நாம் கேலி செய்யவில்லை. அவர்களும் தொழிலாளிகள், பயம் நியாயம். ஆனால், பாலைவனத்தில் பந்தயக் கார் விட்ட அதே 2012-ல், மல்லையாவின் கிங்ஃபிஷர் விமானக் கம்பெனி ஊழியர்களுக்கு மாதக் கணக்கில் சம்பளம் கொடுக்கப்படவில்லை. அக்டோபரில் விமானங்களே நின்றன. 2016 மார்ச்சில் முதலாளி லண்டனுக்குப் பறந்துவிட்டார். தேசத்தின் பெயரைக் காருக்கு வைத்தவருடைய தேசபக்தி!

நெருப்பு இரண்டு

2020 நவம்பர் 29-ல் ஸாகிர் பந்தயத்தின் முதல் சுற்றிலேயே ஒரு விபத்து நடந்தது. ரொமாய்ன் குரோஜாங் என்ற பிரெஞ்சு ஓட்டுனரின் கார் தடுப்பு வேலியில் மோதி இரண்டாகப் பிளந்து தீப்பற்றியது. சுமார் 28 வினாடி அவர் நெருப்புக்குள் இருந்தார். பிறகு தானே எழுந்து வெளியே வந்தார். கையில் தீப்புண், உயிர் தப்பியது. தலைக்கு மேலே டைட்டானியம் வளையம், நெருப்பைத் தாங்கும் உடை, பின்னாலேயே வந்துகொண்டிருந்த டாக்டர் கார், நெருப்பணைப்போடு ஓடிவந்த ஊழியர். இத்தனையும் சேர்ந்து ஒரு மனிதனைக் காப்பாற்றின. அந்தப் படத்தை இளம் தோழர் எனக்குக் காட்டினார். நெஞ்சு பதறியது. ஒரு மனித உயிருக்கு இவ்வளவு பாதுகாப்புச் செய்ய முடியும் என்பது மனிதனின் அறிவுக்குப் பெருமை. அவர் பிழைத்ததில் நமக்கும் சந்தோஷம்தான்.

அதே தீவில் இன்னொரு நெருப்பு உண்டு. 2006 ஜூலை 30. மனாமாவில் குதைபியா என்ற பேட்டையில், கட்டிடத் தொழிலாளிகளை நெருக்கி அடைத்து வைத்திருந்த ஒரு வீட்டில் விடியற்காலை தீப்பிடித்தது. பதினாறு இந்தியத் தொழிலாளிகள் மூச்சு முட்டிச் செத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் பலர் அதில் உண்டு. அவர்களுக்குப் பின்னால் டாக்டர் கார் வரவில்லை. தப்பி ஓட ஒழுங்கான வழியே அந்த வீட்டில் இல்லை.

இந்த இரண்டு நெருப்புக்கும் நடுவில் பதினாலு வருஷம். ஓட்டுனரின் உயிருக்கு விலை உண்டு, ஏனென்றால் உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு அறையில் பத்துப் பேர் படுத்துத் தூங்குபவனை யாரும் படம் பிடிப்பதில்லை. எந்த ஓட்டப் பாதையும் எந்த மாளிகையும் பட்டத்து இளவரசரின் கையால் எழுந்ததில்லை. கடல் கடந்து போன கொத்தனும் கம்பி கட்டுபவனும் வெல்டரும்தான் கட்டினார்கள். கபாலா முறை என்ற பெயரில் கம்பெனிக்காரனின் கையில் தொழிலாளியின் விசாவும் வேலையும் அடகு. இந்த முறை அடிமைத்தனத்துக்குச் சமானம் என்று 2009-ல் பஹ்ரைன் தொழிலாளர் மந்திரியே சொன்னார். ஜூலை, ஆகஸ்டு வெயிலில் உச்சிப்பொழுது பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை வெளியில் வேலை வாங்கக்கூடாது என்ற சாதாரண விதிகூட 2007-ல்தான் வந்தது. பந்தயப் பாதை திறந்து மூன்று வருஷம் கழித்து! காரின் டயருக்குச் சூடு எவ்வளவு தாங்கும் என்பதை அதற்கு முன்பே துல்லியமாகக் கணக்குப் போட்டிருந்தார்கள்.

ஒரு முகநூல் பதிவின் விலை

நஜா யூசுஃப் என்று ஒரு பெண். சர்க்கார் ஊழியர், பிள்ளைகளுக்குத் தாய். 2017 ஏப்ரலில், பந்தயம் நடந்த மாதத்தில், கைது செய்யப்பட்டார். முகநூலில் சர்க்காரைக் கண்டித்து எழுதினார்; இந்தக் கார்ப் பந்தயத்தையும் கண்டித்து எழுதினார். விசாரணையில் தன்னை அடித்தார்கள், பாலியல் பலாத்காரம் செய்தார்கள் என்று புகார் சொன்னார். 2018 ஜூனில் மூன்று வருஷத் தண்டனை. அவரை அடைத்து வைத்தது சட்ட விரோதம் என்று ஐக்கிய நாடுகள் சபையின் குழுவே அபிப்பிராயம் சொன்னது. 2019 ஆகஸ்டில்தான் வெளியே விட்டார்கள்.

பந்தயம் அரசியல் இல்லையென்றால், பந்தயத்தைக் குறை சொன்ன தாய்க்கு ஜெயில் எதற்கு? கிரிக்கெட்டு ஆட்டம் சரியில்லை என்று நாம் திண்ணையில் உட்கார்ந்து திட்டாத நாள் உண்டா? யாராவது வந்து விலங்கு மாட்டுகிறார்களா?

"அரசியல் வேண்டாம்" என்பவர்கள் எப்போதும் அப்படித்தான் இருந்தார்களா என்று பாருங்கள். 1985-ல் தென் ஆப்பிரிக்காவில் நிறவெறி சர்க்கார் அவசர நிலையை அறிவித்துக் கறுப்பு மக்களைச் சுட்டுக்கொண்டிருந்தது. அக்டோபர் 18-ல் பெஞ்சமின் மொலாய்ஸ் என்ற கறுப்பினக் கவிஞனைத் தூக்கிலிட்டார்கள். மறுநாள் 19-ல் கியாலமியில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது! ரெனோ, லிஷியே என்ற இரண்டு பிரெஞ்சு அணிகள் மட்டும் போக மறுத்தன. உலகம் காறித் துப்பிய பிறகு, 1992 வரை அந்தப் பக்கம் போகவில்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரேனுக்குள் நுழைந்தது. மறுநாளே ரஷ்யாவின் சோச்சி பந்தயம் நடக்காது என்று அறிவித்து, ஒரு வாரத்தில் ஒப்பந்தத்தையே கிழித்தார்கள். அந்த யுத்தத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அது அரசியல் அல்லாமல் வேறென்ன? அதே மார்ச் 20-ல் அதே பந்தயக்காரர்கள் பஹ்ரைனில் வருஷத்தின் முதல் பந்தயத்தை நடத்தினார்கள். 2015 முதல் ஏமன் மக்கள்மீது குண்டு போட்ட சவூதிக் கூட்டணியில் பஹ்ரைனும் ஒரு கூட்டாளி. ரஷ்யாவுக்கு ஒரு நீதி, ஐந்தாவது கப்பற்படைக்கு இடம் கொடுத்தவருக்கு ஒரு நீதி. எஜமானருக்கு வேண்டாதவன் என்றால் விளையாட்டில் அரசியல் உண்டு. வேண்டியவன் என்றால் கிடையாது. குட்டு இதுதான்.

நமது தேசம் ஒரு காலத்தில் இதில் நல்ல முன்மாதிரி காட்டியது. 1974-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியா இறுதி ஆட்டத்துக்கு வந்தது. சென்னை அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய அணி. எதிரே தென் ஆப்பிரிக்கா. நிறவெறியரோடு ஆட மாட்டோம் என்று சொல்லி இந்தியா கோப்பையையே விட்டுக்கொடுத்தது. அந்தக் கோப்பையை இந்தியா அதற்கு முன்னாலும் வாங்கியதில்லை, பின்னாலும் வாங்கியதில்லை. அதற்காக வருத்தப்படுகிற இந்தியனை நான் இதுவரை சந்திக்கவில்லை.

கடைசியாகக் காசுக் கணக்கு. எண்ணெய் விலை விழுந்ததும் பஹ்ரைன் கஜானா கடனில் மூழ்கியது; 2018-ல் சவூதி, குவைத், ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் சேர்ந்து ஆயிரம் கோடி டாலர் கொடுத்துத் தாங்கிப் பிடித்தன. மக்களிடம் 2019 ஜனவரியில் 5 சதவீத வரி போட்டார்கள். 2022 ஜனவரி 1-ல் அதை 10 சதவீதமாக இரட்டித்தார்கள். அடுத்த மாதம், 2022 பிப்ரவரியில், கார்ப் பந்தய ஒப்பந்தத்தை 2036 வரை நீட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டது ஃபார்முலா ஒன்னை 2017-ல் விலைக்கு வாங்கிய லிபர்டி மீடியா என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஆட்கள். லிபர்டி என்றால் சுதந்திரம் என்று அர்த்தம். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்.

ஷியாக்கள் கலகம் செய்கிறார்கள், மதச் சண்டை, வெளியார் தூண்டுதல் என்று அரண்மனை சொல்லும். 2011-ல் ஐந்து வருஷத் தண்டனை பெற்ற இப்ராஹிம் ஷரீஃப் ஒரு சுன்னி. மதம் பாராமல் ஆள் சேர்த்த இடதுசாரிக் கட்சியான வாத் கட்சியின் தலைவர். அந்தக் கட்சியை 2017-ல் கோர்ட்டு மூலம் கலைத்தார்கள். சுயேச்சையான பத்திரிகையாக இருந்த அல் வாசத்தையும் அதே வருஷம் மூடினார்கள். மதச் சண்டை வேண்டும் என்று விரும்புகிறவன்தான் மதம் கடந்த கட்சியை முதலில் ஒழிப்பான்; இது நமக்குத் தெரியாத வித்தை அல்ல.

வேலையிழந்த தொழிலாளிகளில் பெரும்பாலோரைத் திரும்ப எடுக்க வைத்தது யார்? மன்னரின் தயவு அல்ல. பஹ்ரைன் தொழிற்சங்க சம்மேளனம் விடாமல் போராடியது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தில் புகார் போயிற்று. 2012 மார்ச்சில் முத்தரப்பு ஒப்பந்தம் வந்தது. வெளியிலிருந்து கேட்கிற குரலுக்கு அந்த அரண்மனை பயப்படும் என்பதற்கு இது அத்தாட்சி. பயப்படாவிட்டால் இவ்வளவு செலவு செய்து கார் ஓட்டிக்காட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு இளம் தோழர், "அப்போ நான் பந்தயம் பார்க்கக் கூடாதா தோழர்?" என்றார். பாருங்கள் என்றேன். நீங்கள் பார்க்காவிட்டால் அல் கலீபா குடும்பத்துக்குக் காலணா நஷ்டமில்லை. ஆனால் கூடப் பார்க்கிற நாலு பேரிடம், ஸாகிர் ஆபீசில் அடிபட்ட ஊழியர்களைப் பற்றிச் சொல்லுங்கள். நஜா யூசுஃபைப் பற்றிச் சொல்லுங்கள். குதைபியாவில் செத்த பதினாறு பேரைப் பற்றிச் சொல்லுங்கள். சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் அந்தத் தீவில் பிழைக்கிறார்கள். உங்கள் தெருவிலிருந்தும் யாராவது போயிருப்பார்கள்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தன்னுடைய ஒர்க் ஷாப்பிலிருந்து போன வெல்டர் ஒருவர் மனாமாவில்தான் இருக்கிறார், லீவில் வந்தால் யூனியன் ஆபீசுக்கு அழைத்து வருகிறேன் என்றார். இதையெல்லாம் பத்திரிகையில் எழுதும்படியும் கேட்டுக்கொண்டார். ஏஜெண்டிடம் சொல்லி இந்த வாரம் ஐந்து பிரதி கூடுதலாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.